அந்தத் தண்ணி யாரோடது

அந்தப் பேப்பரைக் கொஞ்சம் மடிச்சுப் பிடிச்சுக்கிறீங்களா சார், பஸ் காத்துல என் மூஞ்சியில வந்து அடிக்குது. இல்ல இல்ல, படிங்க. நானும் ஓரக்கண்ணால அதைத்தான் படிச்சுக்கிட்டு வந்தேன். ‘மத்திய, மாநில, உள்ளாட்சித் துறைகள் ஒருங்கிணைந்து செயல்பட வேண்டும்: ஆய்வுக் கூட்டத்தில் அறிவுறுத்தல்.’ அறிவுறுத்துவாங்க. ஏசி ரூம்ல ஆளுக்கு ஒரு தண்ணி பாட்டில், ரெண்டு பிஸ்கட்டு, சின்னத் தட்டுல கொஞ்சம் முந்திரி. முந்திரி தீர்ந்ததும் ஒருங்கிணைப்பும் தீர்ந்துடும்.

சிரிக்காதீங்க சார். எனக்கு வயித்தெரிச்சல்.

எங்க இறங்கணும் நீங்க? அப்ப இன்னும் ஒரு மணி நேரம் இருக்கு. என்ன உத்தியோகம்? மருந்துக் கம்பெனியா, நல்லது. உங்களுக்கு ஒரு முதலாளி, ஒரு பேச்சு. நான் ஊராட்சி ஒன்றிய அலுவலகத்துல உதவியாளர். முப்பத்தொரு வருசம் சர்வீஸ். ஓய்வு பெற இன்னும் பதினாலு மாசம். இந்த முப்பத்தொரு வருசத்துல நான் எழுதின ஒரு குறிப்பை மேல இருந்து யாரும் ‘விளக்கம் தருக’ன்னு திருப்பி அனுப்பினது கிடையாது. பார்வை ஒண்ணு, பார்வை ரெண்டு, இணைப்பு, நகல், எல்லாம் அதது இடத்துல இருக்கும். அப்பேர்ப்பட்டவனைத் தூக்கி எழுபது கிலோமீட்டர் தள்ளிப் போட்டிருக்காங்க. எதுக்குன்னு கேளுங்க. தண்ணிக்கு. மழைத்தண்ணிக்கு.

ஆலங்கொல்லைன்னு ஒரு ஊரு. எங்க ஒன்றியத்துலதான் இருக்கு. ஊருக்கு நடுவுல ரயில் தண்டவாளம் போகுது. மேற்கால பள்ளிக்கூடம், ரேஷன் கடை, அங்கன்வாடி, பஸ் ஸ்டாப். கிழக்கால காலனி, ஒரு இருநூறு வீடு. நடுவுல கேட்டு இருந்துச்சு. கேட்டு மூடினா கால் மணி நேரம் நிப்பாங்க, அப்புறம் போவாங்க. யாரும் செத்துப் போகல. ரயில்வேக்காரனுக்கு அது பொறுக்கல. கேட்டை எடுத்துட்டு சுரங்கப்பாதை கட்டுறோம்னு வந்தான். தண்டவாளத்துக்கு அடியில பெரிய பெரிய கான்கிரீட் பெட்டியைத் தள்ளிச் சொருகினான், பத்து நாள்ல வேலை முடிஞ்சுது, போட்டோ எடுத்தான், போயிட்டான். பெட்டிக்கு ரெண்டு பக்கமும் இறங்குற ரோடு மாநில நெடுஞ்சாலைத் துறை போட்டுச்சு. அவனும் போட்டோ எடுத்தான், போயிட்டான். அப்புறம் அதைப் பராமரிக்க வேண்டியது ஊராட்சி.

ஆச்சா? புரட்டாசி முதல் மழை. நல்லா இறங்குற மாதிரி ரோடு போட்டிருக்கான் பாருங்க, ஊருத் தண்ணி அத்தனையும் உள்ள இறங்கிடுச்சு. கழுத்தளவு. வெளிய போக வழி கிடையாது.

எல்லாத் துறை ஆளுங்களும் ஒண்ணா வந்து பார்த்தாங்க. கூட்டுப் புலத்தணிக்கைன்னு பேரு. நானும் கோப்போட போயிருந்தேன். ரயில்வே இன்ஜினியர் ராவ், தெலுங்குக்காரர். அவர் சொன்னாரு, “பாக்ஸு எங்க பாக்ஸு. தண்ணி எங்க தண்ணி இல்ல. தண்ணி ரோட்ல இருந்து வருது.” நெடுஞ்சாலை உதவிப் பொறியாளர், இளம்பரிதின்னு பேரு, ஷூவுல சேறு படாம ஒரு கல்லு மேல நின்னுக்கிட்டு, “ரோடு எங்களுது. ஆனா தண்ணி நிக்கிற இடம் ரயில்வே இடம்”ங்கிறாரு. எங்க வட்டார வளர்ச்சி அலுவலர், அதான் பி.டி.ஓ., வானத்தைப் பார்க்குறாரு. எதோ வருணபகவான்தான் இதுக்குப் பொறுப்பதிகாரி மாதிரி. படிச்சவங்க சார் எல்லாரும். ஒருத்தன் கூட அந்தத் தண்ணியைத் தன்னோடதுன்னு சொல்லல.

அப்ப அந்தப் பொம்பள பேசுச்சு. ஊராட்சி மன்றத் தலைவர், கொளஞ்சின்னு பேரு. எட்டாங்கிளாஸ் படிப்பு. சுழற்சியில அந்த ஊரு பெண்களுக்கு, அதுலயும் ஒதுக்கீட்டுல வந்துடுச்சு, காலனியில இருந்து இது நின்னு ஜெயிச்சுட்டுது. மத்த ஊருல எல்லாம் தலைவர் பொம்பளையா இருந்தா புருசன் வருவான், புருசன் பேசுவான், நமக்கும் பழகின ஆளா இருப்பான், ஒரு நாற்காலியைப் போட்டு உக்கார வெச்சுடலாம். இது புருசனை மாடு மேய்க்க விட்டுட்டு இதுவே டி.வி.எஸ். எக்ஸெல் வண்டியை ஓட்டிக்கிட்டு வரும். வாசல்ல அந்த வண்டிச் சத்தம் கேட்டாலே எங்க ஆபீஸ்ல பாதிப் பேரு டீ குடிக்கப் போயிடுவாங்க.

அது சொல்லுச்சு: “தண்ணி யாரோடதா வேணா இருக்கட்டும் சார். எடுத்து வெளிய ஊத்திக்கிறோம். மோட்டார் மட்டும் வெச்சுக் குடுங்க.”

மோட்டார் வந்துச்சு. அது எப்படி வந்துச்சுங்கிறது தனிக்கதை. வந்து ஊராட்சி ஆபீஸ்ல கோணிச்சாக்கு போத்திக்கிட்டு உக்காந்திருந்துச்சு. ஏன்னா மோட்டாருக்கு கரண்டு வேணும். மோட்டார் வைக்கிற இடம் ரயில்வே இடம். ரயில்வே தடையில்லாச் சான்று குடுத்தாத்தான் மின்வாரியம் இணைப்பு குடுக்கும். அதுக்கு ரயில்வேக்கு நாங்க கடிதம் எழுதணும். அந்தக் கடிதம் நான் போட்டதுதான் சார். மூணு பக்கம். இன்னிக்கு எடுத்துப் படிச்சாலும் ஒரு கமா மாத்த முடியாது.

இதுக்கு நடுவுல மனு வேற. கொளஞ்சி ஒரு மத்தியானம் பவுனம்மாள்னு இன்னொரு பொம்பளையையும் கூட்டிக்கிட்டு வந்துச்சு. அந்த ஊரு அங்கன்வாடியில ஆயா. ஐம்பது, ஐம்பத்திரெண்டு வயசு இருக்கும், ஒல்லியா, முன்பல்லு ஒண்ணு இல்லாம. காலனியில இருநூத்துப் பன்னிரண்டு பேருக்கிட்ட கையெழுத்தும் ரேகையும் வாங்கிட்டு வந்திருந்தாங்க. முதல் கையெழுத்து பவுனம்மாளோடது. கொட்டை எழுத்துல ‘பவுனு’ன்னு போட்டிருந்துச்சு. “புள்ளைங்களுக்கு முட்டை எடுத்துக்கிட்டுப் போறேன் சாமி, ரயில் ரோட்டை ஏறித்தான் தாண்டுறேன், ஒடம்பெல்லாம் நடுங்குது”ன்னுச்சு.

மனுவைப் பார்த்தேன். ‘பெறுநர்: ரயில்வே’ன்னு போட்டிருக்கு. ரயில்வேக்குப் போட்ட மனுவை ஒன்றியத்துல எப்படி வாங்குறது? மரியாதையாத்தான் சொன்னேன். “அம்மா, இது எங்களுக்கு எழுதினது இல்ல. பி.டி.ஓ.வுக்குன்னு மாத்தி எழுதிக்கிட்டு வாங்க, வாங்கிக்கிறேன்”னு. “இருநூறு பேருக்கிட்டயும் மறுபடி கையெழுத்து வாங்கணுமா சாமி”ன்னு கேட்டுச்சு. ஆமா, வாங்கணும். பெறுநர் மாறினா மனு மாறிடுச்சு இல்லையா? இது கூட ஜனங்களுக்குத் தெரியல. கொளஞ்சி மனுவை மடிச்சு எடுத்துக்கிட்டு அந்தம்மாவைக் கூட்டிக்கிட்டுப் போயிடுச்சு. திரும்ப அந்த மனு வரவே இல்ல. சோம்பேறித்தனம்.

இப்ப கொஞ்சம் கவனமாக் கேளுங்க, இதுதான் விசயம். எங்க ஆபீஸ்ல பி.டி.ஓ. ரெண்டு பேர். ஒருத்தர் ஒன்றியத்துக்கு. இன்னொருத்தர் கிராம ஊராட்சிகளுக்கு. ரெண்டும் ஒரே கட்டடம், ஒரே ஹால், ஆனா பிரிவு வேற, பதிவேடு வேற. நான் கிராம ஊராட்சிப் பிரிவு. எனக்கு அடுத்த மேசை சகாயமேரி, ஒன்றியப் பிரிவு. நாலடி தூரம் இருக்கும். அந்தம்மா மதியம் டிபன் பாக்ஸைத் திறந்தா என்ன குழம்புன்னு எனக்குத் தெரிஞ்சுடும், அவ்வளவு கிட்ட.

நவம்பர் நாலாம் தேதி ரயில்வேயில இருந்து ஒரு கடிதம் வந்துச்சு. மேல பாதி இந்தி, கீழ பாதி இங்கிலீஷ். முகவரியில வெறுமனே ‘பி.டி.ஓ., ஊராட்சி ஒன்றியம்’னு இருக்கு. எந்த பி.டி.ஓ.? அந்த ராவுக்கு அது தெரிய வேண்டாமா? நான் அனுப்பின கடிதத்துல அடைப்புக்குறிக்குள்ள ‘கி.ஊ.’ன்னு, அதாவது கிராம ஊராட்சின்னு, தெளிவாப் போட்டிருந்தேன். தபால் பிரிவு அதை சகாயமேரிகிட்ட குடுத்துச்சு. சகாயமேரி ‘கி.ஊ. பிரிவுக்கு உரியது’ன்னு எழுதி எனக்கு அனுப்புச்சு. நான் பார்த்தேன். முகவரி ஒன்றியத்துக்கு. ‘முகவரியின்படி தங்கள் பிரிவுக்குரியது’ன்னு எழுதி, தேதி போட்டு, சுருக்கொப்பம் போட்டு தபால்ல திருப்பினேன். அது மறுபடி எனக்கு அனுப்புச்சு. நான் மறுபடி திருப்பினேன்.

கடிதத்துல என்ன இருந்துச்சுன்னு கேக்குறீங்களா? நான் படிக்கல சார். எப்படிப் படிப்பேன்? என் பிரிவுக்கு வந்தா படிக்கணும். அடுத்த பிரிவுக்கு வந்ததைப் படிக்கிறது ஒழுங்கா? சகாயமேரி படிச்சுச்சான்னு கேட்டா அது படிக்கல, அதுக்கு அக்கறை இல்ல. எனக்கு அக்கறை இல்லாம இல்ல. எனக்கு முறை இருக்கு. அதுதான் வித்தியாசம்.

இருபத்திமூணாம் தேதி காலையில எட்டு மணி இருக்கும். நல்ல மழை. பவுனம்மாள் முட்டை அட்டையை இடுப்புல வெச்சுக்கிட்டு, தலைக்கு ஒரு உரச்சாக்கைப் போட்டுக்கிட்டு, மேட்டுல ஏறித் தண்டவாளத்தைத் தாண்டியிருக்கு. அந்த இடத்துல லைன் வளையுது. இந்தப் பக்கம் சிமென்ட் கூட்ஸ் போய்க்கிட்டு இருந்திருக்கு, அந்தச் சத்தத்துல எதிர்ப்பக்கம் எக்ஸ்பிரஸ் வந்தது கேக்கல. அவ்வளவுதான்.

முறைப்படி பார்த்தா தண்டவாளத்தைத் தாண்டுறது குற்றம். அதை யாரும் சொல்ல மாட்டேங்குறாங்க.

ஊரே தண்டவாளத்துல உக்காந்துடுச்சு. ரெண்டு ரயில் நின்னுச்சு. அப்பத்தான் சார் எல்லாருக்கும் ஆலங்கொல்லை எங்க இருக்குன்னே தெரிஞ்சுது. சப்-கலெக்டர் வந்தாரு, சின்ன வயசு, மழையில குடை கூடப் பிடிக்காம நின்னாரு, அதெல்லாம் ஒரு காட்சி. அங்கேயே வெச்சு ஒவ்வொருத்தரையும் கேட்டாரு. மின்வாரியம், “சான்று வரல”ன்னாங்க. நெடுஞ்சாலை, “எங்களுக்கு யாரும் எழுதல”ன்னாங்க. ராவ் வேற வேலையா வெளியூர் போயிருந்தாரு. எங்க பி.டி.ஓ. திரும்பி என்னைப் பார்த்தாரு. நான் கோப்பைத் திறந்து, “ரயில்வேயின் பதில் எதிர்நோக்கப்படுகிறது”ன்னு வாசிச்சேன். கோப்புல அப்படித்தான் இருந்துச்சு. கோப்புல இருக்கிறதைத்தானே சொல்ல முடியும்?

ரெண்டு நாள் கழிச்சு, இருபத்தஞ்சாம் தேதி, பதினோரு மணிக்கு வாசல்ல எக்ஸெல் சத்தம். டீக்குக் கிளம்பலாம்னு பேனாவை மூடுறேன், அதுக்குள்ள கொளஞ்சி உள்ள வந்துடுச்சு. கையில போன். போனை ஸ்பீக்கர்ல போட்டு என் மேசையில வெச்சுச்சு.

“சொல்லுங்க ராவ் சார். மறுபடி ஒருதரம் சொல்லுங்க.”

“மேடம், லெட்டர் போய்டுச்சி மேடம். ரெண்டாம் தேதி டிஸ்பாட்ச். நோ அப்ஜெக்‌ஷன் குடுத்தாச்சி. உங்க ஆபீஸ்ல அக்னாலெட்ஜ்மென்ட் கூட வந்துடுச்சி மேடம்.”

போனை அணைச்சுட்டு, தபால் பதிவேட்டை எடுன்னு தபால் பிரிவுல கேட்டுச்சு. எடுத்துக் குடுத்துட்டான் முட்டாள். பொதுமக்களுக்கு எதுக்குடா பதிவேட்டைக் காட்டுறேன்னு நான் சத்தம் போட்டேன். “நான் பொதுமக்கள் இல்ல சார், நானும் கவர்மென்ட்தான்”னுச்சு. எட்டாங்கிளாஸ் சார். விரலை வெச்சுக்கிட்டு ஒவ்வொரு வரியாத் தேடுச்சு. அப்புறம் சகாயமேரி மேசை, அப்புறம் என் மேசை. என் மேசையில வலது பக்க அடுக்குல மேலாப்புலயே இருந்துச்சு. அன்னிக்குக் காலையிலதான் சகாயமேரி அஞ்சாவது தடவையா எனக்கு அனுப்பியிருந்துச்சு.

எடுத்துப் பார்த்துச்சு. இங்கிலீஷைப் படிக்கல. ஓரத்துல நாங்க எழுதினதைப் படிச்சுச்சு.

“இது உங்க கையெழுத்தா தனகோபால் சார்?”

“சுருக்கொப்பம்.”

“ஆறாம் தேதி. பதினொண்ணாம் தேதி. பதினாறாம் தேதி. இருபத்தொண்ணாம் தேதி.” சத்தம் போடாமத்தான் படிச்சுச்சு. “பவுனு அக்கா செத்தது இருபத்திமூணு.”

நான் விளக்கிச் சொன்னேன். முகவரி தப்பா வந்திருக்கு, முறைப்படி ரெண்டு பிரிவும் வேற வேறன்னு. சகாயமேரி கர்ச்சீப்பை வாயில வெச்சுக்கிட்டு அழுவுது. அழுது என்ன பண்றது, மொத தடவையே அதுவே வெச்சுக்கிட்டிருக்கலாம்ல.

நான் எதிர்பார்த்தது வேற சார். அது கத்தும், செருப்பைக் கழட்டும், நான் போலீஸுக்குப் போன் பண்ணலாம்னு. அரசு ஊழியரைப் பணி செய்ய விடாமல் தடுத்தல், பிரிவு நம்பர் எல்லாம் எனக்கு மனப்பாடம். அது அதெல்லாம் பண்ணல. “எந்திரிங்க சார். கோப்பை எடுத்துக்கங்க. முத்திரையையும் எடுத்துக்கங்க. வாங்க”ன்னுச்சு.

“எங்க?”

“எல்லா ஆபீஸுக்கும்.”

நான் பி.டி.ஓ. ரூமைப் பார்க்குறேன். அவர் கதவுகிட்ட நின்னுக்கிட்டு, “போயிட்டு வாங்க தனகோபால்”ங்கிறாரு. இதுக்குப் பேரு மேலதிகாரி.

முப்பத்தொரு வருச சர்வீஸ். ஐம்பத்தெட்டைத் தாண்டின மனுசன். ஒரு பொம்பளைக்குப் பின்னாடி எக்ஸெல் வண்டியில உக்காந்து, மடியில கோப்பை வெச்சுக்கிட்டு, மேல ஒரு பாலிதீன் கவரு, கடைத்தெரு வழியாப் போனேன் சார். டீக்கடையில இருந்து நம்ம ஆபீஸ் ஆளுங்களே பார்க்குறானுங்க. பள்ளத்துல வண்டி குதிக்குது, பிடிக்கிறதுக்கு இடமில்ல. “கெட்டியாப் பிடிச்சுக்கங்க சார், நீங்க விழுந்துட்டா வேற கையெழுத்து இல்ல”ன்னுச்சு. இப்படிப் பேசுனா யாருக்குத்தான் மரியாதை இருக்கும்?

முதல்ல மின்வாரியம். அங்க இருந்த இன்ஜினியரு கடிதத்தைப் பார்த்துட்டு, “மின்கம்பம் நெடுஞ்சாலை ஓரத்துல வருது, அவங்க அனுமதி வேணும், ஊராட்சித் தீர்மானம் வேணும், அப்புறம் விண்ணப்பம் எங்க படிவத்துல இருக்கணும்”னாரு. சொல்லிட்டு சாய்ஞ்சு உக்காந்துட்டாரு, ஒரு மாசத்துக்கு நம்மளை அனுப்பிட்ட மாதிரி. அந்தச் சாய்மானத்தைப் பார்த்தா எனக்கு வந்துச்சு பாருங்க ஆத்திரம்! “படிவத்தைக் குடுங்க”ன்னேன். அங்கேயே நின்னுக்கிட்டு நிரப்பினேன். தீர்மான நகல் எங்கன்னாரு. அது கோப்புல பக்கம் நாப்பத்தொண்ணு. உருவி அவர் முன்னாடி வெச்சேன். “இதுல என்ன குறைன்னு எழுத்துல குடுங்க, இப்பவே குடுங்க”ன்னேன். மூணு தடவை புரட்டிப் பார்த்தாரு. என் கோப்புல குறை கண்டுபிடிக்க அவனால ஆகுமா? கொளஞ்சி என்னை ஒரு மாதிரிப் பார்த்துச்சு. வெளிய வந்ததும், “இவ்வளவு தெரியுமா சார் உங்களுக்கு”ன்னுச்சு. பாராட்டுன்னுதான் அப்ப நினைச்சேன்.

நெடுஞ்சாலை ஆபீஸ்ல இளம்பரிதி இல்ல. ஏதோ பாலத்து வேலையில இருக்காருன்னாங்க. ஒன்பது கிலோமீட்டர். மழையிலயே போனோம். அவர் ஒரு தார்ப்பாய்க்கு அடியில நின்னுக்கிட்டு போன் பார்த்துக்கிட்டு இருந்தாரு. “மேடம், டிவிஷன்ல இருந்து வாங்கணும் மேடம்”னாரு. நான் குறுக்க விழுந்தேன்: “ஊராட்சி எல்லைக்குள்ள தற்காலிக மின்கம்பத்துக்கு நீங்களே குடுக்கலாம். குடுத்துட்டு மேல தகவல் அனுப்பினாப் போதும்.” அது அவருக்கே தெரியல. அனுமதியை நானே எழுதினேன், வண்டி சீட்டு மேல பேப்பரை வெச்சு. கொளஞ்சி முந்தானையை விரிச்சுப் பேப்பர் மேல மழை படாமப் பிடிச்சுக்கிச்சு. அந்த ஆளு கையெழுத்துப் போட்டாரு.

ராவ் தானே நேரா சுரங்கப்பாதைக்கு வந்துட்டாரு, முத்திரையைப் பையில போட்டு எடுத்துக்கிட்டு. இடத்தைக் காட்டிக் கோடு போட்டுக் குடுத்தாரு. அந்த மனுசன் முட்டிக்கால் தண்ணியில நின்னுக்கிட்டு ஒரே பாட்டாச் சொல்லிக்கிட்டிருந்தாரு: “நான் குடுத்துட்டேன் மேடம், நான் ரெண்டாம் தேதியே குடுத்துட்டேன் மேடம்.” அதையே எத்தனை தடவை சொல்லுவ? குடுத்துட்டு ஒரு போன் பண்ணிக் கேட்டியா நீ? சொல்லணும்னு வாய் வரைக்கும் வந்துச்சு. சொல்லல.

நாலரை மணிக்கு மோட்டார் ஓடுச்சு.

மத்திய அரசு, மாநில அரசு, ஊராட்சி. ரெண்டு மாசமா ஏசி ரூம்ல சேராததெல்லாம் ஒரு எக்ஸெல் வண்டி சீட்டு மேல சேர்ந்துச்சு சார். அதுக்குப் பேரு நிர்வாகமா? கூத்து. முறையே இல்ல. தபால் எண் இல்ல, அனுப்புகைப் பதிவு இல்ல. அந்தக் கோப்பை இன்னிக்கு எடுத்துப் பார்த்தீங்கன்னா வெட்கமா இருக்கும், எல்லாப் பேப்பரும் ஒரே தேதி, ஓரமெல்லாம் மழை பட்டு மை ஊறிக் கிடக்கு.

ரெண்டு பக்கமும் ஊரு சனம் நின்னுக்கிட்டிருந்துச்சு. யாரும் கைதட்டல. தண்ணி இறங்குறதையே பார்த்துக்கிட்டு நின்னாங்க. சுவத்துல ஈரக்கோடு ஒவ்வொரு விரக்கடையாக் கீழ இறங்குது. நானும் பார்த்துக்கிட்டு நின்னேன். அப்ப ஒரு பொண்ணு என்கிட்ட வந்துச்சு. இருபத்தி நாலு, இருபத்தஞ்சு வயசு இருக்கும், இடுப்புல ஒரு குழந்தை. எண்ணெய் தேய்க்காத தலை. கொளஞ்சி அந்தாண்ட ராவ்கிட்ட பேசிக்கிட்டு இருந்துச்சு.

“நீங்கதான் எல்லா ஆபீஸுக்கும் போயி எழுதிக் குடுத்தீங்களாமே சார்?”

“ஆமாம்மா.”

“நான் பவுனு மக. தையல்நாயகி. நீங்க நல்லா இருக்கணும் சார். எங்கம்மா போனாலும் இனிமே யாரும் அந்த மேட்டுல ஏற வேண்டியதில்ல.” சொல்லிட்டு, குழந்தையை ஒரு கையில பிடிச்சுக்கிட்டே இன்னொரு கையைத் தூக்கிக் கும்பிட்டுச்சு.

பார்த்தீங்களா? ஜனங்களுக்குத் தெரியுது யாரு வேலை செஞ்சதுன்னு. அதிகாரிங்களுக்குத்தான் தெரியல. அன்னிக்கு வீட்டுக்குப் போயி எனக்குச் சாப்பாடு இறங்கல. மழையில ஊறினது, வயிறு சரியில்ல. வீட்டுக்காரி ரசம் வெச்சுக் குடுத்தா, அதுவும் இறங்கல. நாலஞ்சு நாள் அப்படியே கிடந்தேன்.

கொளஞ்சி சும்மா இருக்கல. அந்தக் கடிதத்தோட நகலை, ஓரத்துல இருக்கிற எங்க சுருக்கொப்பத்தோட, சப்-கலெக்டருக்கு அனுப்பிடுச்சு. ஒரு நாள் முழுக்கப் பின்னாடி உக்கார வெச்சுக் கூட்டிக்கிட்டுப் போயி வேலையும் வாங்கிக்கிட்டு, அடுத்த நாளே இது. நான் நேர்ல கேட்டுட்டேன்: “அன்னிக்கு எல்லாத்தையும் நான்தானேம்மா முடிச்சுக் குடுத்தேன்?” அது சொல்லுது, “ஆமா சார். ஒரே நாள்ல முடிச்சீங்க. அதைத்தான் எழுதியிருக்கேன். ஒரே நாள்ல முடியுற வேலைன்னு.”

இது பாராட்டா, குத்தமா? நீங்களே சொல்லுங்க. எனக்கு இன்னி வரைக்கும் விளங்கல.

எனக்கும் சகாயமேரிக்கும் குற்றச்சாட்டுக் குறிப்பாணை. சகாயமேரி ரெண்டே வரியில பதில் எழுதுச்சு: ‘தவறு நடந்துவிட்டது, வருந்துகிறேன்.’ கண்டிப்போட விட்டுட்டாங்க, அங்கேயே இருக்கு. நான் முப்பத்தெட்டுப் பக்கம் எழுதினேன். அலுவலக நடைமுறை நூல்ல இருந்து விதி விதியா எடுத்துக் காட்டி. என்னை மாத்திட்டாங்க. விசாரணை இன்னும் நிலுவையில இருக்கு. உண்மையை எழுதுனவனுக்கு இதுதான். சரி விடுங்க.

இல்ல, இன்னிக்கு ஆபீஸுக்குப் போகல. லீவு போட்டிருக்கேன். ஜங்ஷன்ல இறங்கி அங்கன்வாடி திட்ட அலுவலகத்துக்குப் போறேன்.

அந்தப் பொண்ணு, தையல்நாயகி, தை மாசம் என் வீட்டைத் தேடிக்கிட்டு வந்துடுச்சு. பத்தாவது பாஸாம். புருசன் விட்டுட்டுப் போயிட்டான். அம்மா பார்த்த ஆயா வேலையை வாரிசு அடிப்படையில கேக்கலாம்னு யாரோ சொல்லியிருக்காங்க. எழுதிக் குடுக்க ஆள் இல்லையாம். “எனக்குத் தெரிஞ்ச ஒரே ஆபீசர் நீங்கதான் சார்”னுச்சு. அது என் துறையே இல்ல சார். சமூக நலத்துறை. நான் கை வைக்கவே கூடாது. வீட்டுக்காரி உள்ள இருந்து வந்து என்னைப் பார்க்குறா, அந்தப் பொண்ணைப் பார்க்குறா. அவளுக்கு எல்லாம் தெரியும். தெரிஞ்சுக்கிட்டு டம்ளர்ல காப்பியைக் கொண்டாந்து அந்தப் பொண்ணு கையில குடுத்துட்டு உள்ள போயிட்டா. அப்புறம் மூணு நாள் என்கிட்ட முகம் குடுத்துப் பேசல. பொம்பளைங்க.

எழுதிக் குடுத்தேன். வெள்ளைத்தாள்ல, என் பேரு எங்கயும் இல்லாம. வாரிசுச் சான்று, இறப்புச் சான்று, பணிப்பதிவேடு நகல், வருமானச் சான்று, எல்லாத்தையும் எண் போட்டு அடுக்கி நூல் போட்டுக் கட்டிக் குடுத்தேன். அதுல ஓட்டை கண்டுபிடிக்கணும்னா ஒருத்தன் பொறந்து வரணும்.

பொறந்து வந்திருக்கான் சார்! அங்க ஒருத்தன் அந்தப் பிரிவுல உக்காந்திருக்கான். திருப்பி அனுப்பியிருக்கான். என்னான்னு? பணிப்பதிவேட்டுல ‘பவுனு’ன்னு இருக்காம், இறப்புச் சான்றுல ‘பவுனம்மாள்’னு இருக்காம். ரெண்டும் ஒரே ஆள்தானான்னு சந்தேகமாம். தாசில்தார்கிட்ட ஒரே நபர் சான்று வாங்கிட்டு வான்னு அந்தப் பொண்ணைத் துரத்தியிருக்கான். சான்று வாங்கிக் குடுத்தா, கிராம நிர்வாக அலுவலர் அறிக்கை இணைக்கலைன்னு மறுபடி திருப்பியிருக்கான். ரெண்டு மாசம்! குழந்தையைத் தூக்கிக்கிட்டு அது ஏழு தடவை அலைஞ்சிருக்கு. ஒவ்வொரு தடவையும் ஒரு கேள்வி. எல்லாத்தையும் ஒண்ணா முதல்லயே கேட்டா என்ன? ஒரு பொம்பள செத்துப் போயிருக்கா, ஊருக்கே தெரியும், ரயில்ல அடிபட்டு செத்தவ யாருன்னு பேப்பர்ல வந்திருக்கு, ஒரு தடவை தலையைத் தூக்கி எதிர்ல நிக்கிற பொண்ணு மூஞ்சியைப் பார்த்தானா அவன்? பார்த்திருந்தா கேப்பானா?

இவனையெல்லாம் என்ன செய்யலாம் சொல்லுங்க சார். முறை தெரியும்னு நினைப்பு. நான் வந்திருக்கேன்னு தெரியட்டும். அவன் மேசைக்கு எதிர்ல போய் உக்காந்துடப் போறேன், கையெழுத்து விழுற வரைக்கும் எந்திரிக்கிறதா இல்ல. பத்து மணிக்கே வந்து வாசல்ல நிக்கிறேன்னு அந்தப் பொண்ணு சொல்லியிருக்கு. அந்தப் பொண்ணுகிட்ட சொல்லிட்டேனான்னு கேக்குறீங்களா? இல்ல, அந்தக் கடிதத்தைப் பத்தி ஒண்ணும் சொல்லல. அதுல சொல்ல என்ன இருக்கு? முறைப்படி நான் ஒரு தப்பும் பண்ணல.

நிறுத்தம் வந்துடுச்சு. காலைக் கொஞ்சம் நகர்த்துங்க சார், பையை எடுத்துக்கிறேன். பார்த்துப் பார்த்து, அந்தக் கட்டு கீழ விழுந்துடப் போகுது. அந்தப் பொண்ணோட பேப்பர் எல்லாம் அதுலதான் இருக்கு.